பூட்டை அறுத்துத் திருடியிருக்கிறார்கள், ‘பலவந்த நுழைவு இல்லை’ என்கிறது காப்பீட்டு நிறுவனம்: வழி உண்டா?

காட்பாடிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் காட்பாடி காந்தி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பொங்கல் முடிந்த கையோடு மகளின் பிரசவத்திற்காக நானும் என் மனைவியும் ஓசூருக்குச் சென்றிருந்தோம். பதினெட்டாம் நாள் காலையில், எங்கள் வீட்டின் பின்பக்க கிரில் கதவு திறந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் தெரிவித்தார். மதியத்திற்குள் ஊர் திரும்பிப் பார்த்தபோது, கிரில் கதவின் பூட்டு அறுக்கப்பட்டிருந்தது. சமையலறை மரக்கதவின் தாழ்ப்பாள் நெம்பிப் பெயர்க்கப்பட்டிருந்தது. படுக்கையறை பீரோ திறந்து கிடந்தது. 14 சவரன் நகை, ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு, மடிக்கணினி ஒன்று, ரொக்கம் 38,000 ரூபாய் ஆகியவை போய்விட்டன.

பீரோவை அவர்கள் உடைக்கவில்லை. அதன் சாவியை என் மனைவி மேல் தட்டில் மடித்து வைத்த பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைப்பது வழக்கம். அதைத் தேடி எடுத்துத்தான் திறந்திருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் அன்று மாலையே புகார் அளித்தோம். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள்; மூன்றாம் நாள்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. பதற்றத்தில் இருந்த என் மனைவி, புகார் எழுதும்போது நினைவுக்கு வந்த நகைகளை மட்டும் சொன்னதால் அதில் 8 சவரன் என்றே இருக்கிறது. மறுநாள் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த ஆரமும் வளையல்களும் சேர்ந்து மேலும் 6 சவரன் காணாமல் போனது தெரிந்தது. அதைக் காவல் நிலையத்தில் கூடுதல் வாக்குமூலமாகச் சொல்லியிருக்கிறோம்.

2022ஆம் ஆண்டு முதல் ஒரு நிறுவனத்தில் வீட்டு உடைமைகளுக்கான பாலிசி எடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். அதில் களவுக்கும் காப்பீடு உண்டு. பொதுவான வீட்டுப் பொருட்களுக்கு 6 லட்சம், நகைக்கு 5 லட்சம் என்று காப்புத் தொகை குறிப்பிடப்பட்டிருக்கிறது. நகைகளைத் தனித்தனியே பட்டியலிட வேண்டுமா என்று நான் கேட்டபோது, அதெல்லாம் தேவையில்லை என்று முகவர் சொல்லிவிட்டார். திருட்டு நடந்த அன்றே அவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். தாமே நிறுவனத்திற்குத் தகவல் கொடுத்துவிடுவதாகச் சொன்னவர் கொடுக்கவில்லை. ஐந்து நாள் கழித்து நானே மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்கு மறுநாள் நிறுவனத்தின் சார்பில் இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். அதற்குள் கதவைச் சரிசெய்திருந்தோம். உடைந்த கதவோடு இரவில் படுக்க என் மனைவி அஞ்சியதால் தச்சரை அழைத்துப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். இது தவறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது நிறுவனத்திடமிருந்து மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. வீட்டிற்குள் பலவந்தமாக நுழைந்ததற்கான அடையாளம் எதுவும் ஆய்வில் காணப்படவில்லை என்றும், பீரோ அதன் சாவியாலேயே திறக்கப்பட்டுள்ளது என்றும், நகைகளுக்கு ரசீது இல்லை என்றும், புகாரில் உள்ள எடைக்கும் கோரிக்கையில் உள்ள எடைக்கும் முரண்பாடு உள்ளது என்றும், தகவல் தாமதமாகத் தரப்பட்டது என்றும் ஐந்து காரணங்களை அடுக்கியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகள் பிரீமியம் கட்டியவன், இன்று பொய் சொல்பவனைப் போல நிற்கிறேன். இதில் நான் போராடுவதற்கு ஏதேனும் இடம் இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை பழைய சர்வேயர்

ஐயா, வணக்கம். பொதுக்காப்பீட்டுத் துறையில் இழப்பு மதிப்பீட்டாளராக நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தில் உள்ள ஐந்து காரணங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. எதற்கு அஞ்ச வேண்டும், எதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உயிர்நாடியான கேள்வி முதல் காரணத்தில்தான் இருக்கிறது. நாம் பேச்சில் திருட்டு என்று சொல்வதற்கும் பாலிசி களவு என்று சொல்வதற்கும் இடைவெளி அதிகம். வீட்டினுள் பலவந்தமாக நுழைந்தோ, பலவந்தமாக வெளியேறியோ செய்த திருட்டு, அல்லது ஆளை மிரட்டிச் செய்த கொள்ளை: இவை மட்டுமே பெரும்பாலான களவுக் காப்பீடுகளில் அடங்கும். திறந்திருந்த கதவு வழியாக வந்து எடுத்துச் சென்றால், குற்றவியல் சட்டப்படி அது திருட்டுத்தான் என்றாலும் பாலிசிப்படி அது இழப்பீட்டுக்கு உரியதன்று. ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாலிசியின் சொற்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அவற்றைப் பொருள்கொள்ள வேண்டும், பலமோ வன்முறையோ முன்னதாக நிகழாத திருட்டு அந்தச் சொற்களுக்குள் வராது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நிறுவனங்கள் மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டும் தீர்ப்பும் அதுதான்.

ஆனால் உங்கள் வீட்டில் பூட்டு அறுக்கப்பட்டிருக்கிறது, தாழ்ப்பாள் பெயர்க்கப்பட்டிருக்கிறது. இதைவிடப் பலவந்தம் வேறு என்ன வேண்டும்? சர்வேயர் வந்தபோது அடையாளம் இல்லை என்பது, அடையாளமே இருந்ததில்லை என்பதாகிவிடாது. நீங்கள் தேட வேண்டிய ஆவணம் காவல் துறையிடம் இருக்கிறது. சம்பவ இடத்தைப் பார்வையிட்ட அதிகாரி, சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகஜர், அதாவது அங்கே கண்டதை விவரிக்கும் பதிவு, எழுதியிருப்பார். மாதிரி வரைபடமும் வரைந்திருப்பார். அறுபட்ட பூட்டைக் கைப்பற்றியிருந்தால் அதற்கும் தனியே மகஜர் இருக்கும். எந்தக் கதவு எப்படி உடைக்கப்பட்டிருந்தது என்பது அவற்றில் எழுத்து வடிவில் பதிந்திருக்கும். விரல் ரேகைப் பிரிவினர் வந்திருந்தால் எந்தெந்த இடங்களில் ரேகை எடுத்தார்கள் என்பதும் பயன்படும். இந்த ஆவணங்களின் நகல்களைக் கேட்டுப் பெறுங்கள். தச்சரிடம், அவர் வந்தபோது கதவு எந்த நிலையில் இருந்தது, எதை மாற்றினார், எவ்வளவு கூலி வாங்கினார் என்பதைத் தேதியுடன் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அன்று காலை கைப்பேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பிய நேரத்துடன் அது இருப்பது பத்து கடிதங்களுக்குச் சமம்.

வெளிப்படையாகச் சொல்வதென்றால், மகஜரைக் கேட்டு வாங்காமல் சரிசெய்யப்பட்ட கதவை மட்டும் பார்த்து அறிக்கை எழுதிய அந்தச் சர்வேயர் தம் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறார்.

பீரோச் சாவி விஷயம் சற்று நுட்பமானது. களவுப் பாலிசிகளில் ஒரு விலக்கு உண்டு: பாதுகாப்புப் பெட்டகத்தை அதன் சாவியாலேயே திறந்து எடுத்திருந்தால், அந்தச் சாவி தாக்கியோ மிரட்டியோ பறிக்கப்பட்டதாக இருந்தாலன்றி இழப்பீடு இல்லை என்பது அது. உங்கள் நிறுவனம் இதைத்தான் மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும். பாலிசிப் புத்தகத்தை எடுத்து, அந்த விலக்கு பெட்டகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறதா, பூட்டிய அலமாரிகளையும் சேர்த்துச் சொல்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். பெட்டகம் என்பது தீக்கும் உடைப்புக்கும் தாங்கும்படி செய்யப்பட்ட கனத்த இரும்புப் பெட்டி. நம் வீடுகளில் துணியும் பத்திரமும் வைக்கும் தகர பீரோ பெட்டகம் ஆகாது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. வீட்டிற்குள் நுழைந்ததே பலவந்தம் என்று நிறுவிவிட்டால், உள்ளே இருந்த ஒவ்வொரு கதவையும் உடைத்துத்தான் எடுத்தார்களா என்று கேட்பதற்கு அவர்களுக்குப் பாலிசியில் தனி ஆதாரம் வேண்டும்.

இனி எடை முரண்பாடு. இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நகைக்கான உச்சவரம்பு 5 லட்சம். 2022இல் 14 சவரனுக்கு அது ஏறத்தாழப் போதுமானதாக இருந்திருக்கும். இன்றைய தங்க விலையில் 8 சவரனே அந்தத் தொகையைத் தாண்டிவிடுகிறது. 14 சவரனையும் நிரூபித்தாலும் 5 லட்சத்திற்கு மேல் ஒரு ரூபாயும் கிடைக்கப் போவதில்லை. அதே சமயம், 14 சவரன் வீட்டில் இருந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்து, அதில் 8 சவரனை மட்டும் நிரூபித்தால், சராசரி நிபந்தனையைக் காட்டி அவர்கள் குறைக்க முயலலாம். வீட்டிலிருந்த மொத்த மதிப்பில் எந்த விகிதத்திற்குக் காப்பீடு எடுத்திருந்தோமோ அந்த விகிதத்திற்குத்தான் இழப்பீடு என்பது அந்த நிபந்தனை. உண்மையை மாற்றிச் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை; அப்படிச் செய்தால் மோசடி நிபந்தனையின் கீழ் கோரிக்கை முழுவதுமே விழுந்துவிடும். கூடுதலாகச் சொன்ன 6 சவரனுக்கு ஆதாரத்தைத் தேடி எடுங்கள் என்கிறேன். முரண்பாட்டினால் உங்களுக்கு நேரும் சேதம் பணத்தில் இல்லை, நம்பகத்தன்மையில்தான்.

சராசரி நிபந்தனை மற்ற பொருட்களையும் தொடும். வீட்டிலுள்ள மரச்சாமான், மின்சாதனம், பாத்திரம், துணி எல்லாம் சேர்ந்து 10 லட்சம் பெறும் என்று அவர்கள் மதிப்பிட்டால், நீங்கள் 6 லட்சத்திற்கே எடுத்திருப்பதால் மடிக்கணினிக்கும் குத்துவிளக்குக்கும் நூற்றுக்கு அறுபதுதான் வரும். மடிக்கணினிக்குத் தேய்மானமும் கழிப்பார்கள். ரொக்கத்தை மறந்துவிடுங்கள், பெரும்பாலான பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும், அல்லது மிகச் சிறிய வரம்போடு இருக்கும்.

ஆள் இல்லாத வீடு என்ற காரணத்தை அவர்கள் எழுதாதது உங்கள் நல்வாய்ப்பு. தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் களவுக் காப்பீடு செல்லாது என்று பல பாலிசிகளில் இருக்கிறது. உங்கள் பதினெட்டு நாட்கள் அதற்குள் அடங்குகின்றன. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவிற்குச் சென்று ஆறு மாதம் தங்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த நிபந்தனையைக் கட்டாயம் படித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

ஆற்காட்டு நெசவாளர் மகன்

மேலே ஐயா எழுதியதை என் மைத்துனர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு படித்திருந்தால் ஓராண்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் நம் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். இரவில் தண்ணீர் எடுக்க யாராவது இறங்கி வரவேண்டியிருக்கும் என்று கீழ்க்கதவைச் சும்மா சாத்தி வைத்திருந்தார்கள். காலையில் இறங்கிப் பார்த்தால் நகைப்பெட்டியைக் காணவில்லை. அவரிடமும் களவுக் காப்பீடு இருந்தது. கதவு பூட்டப்படவில்லை, எதுவும் உடைக்கப்படவில்லை என்று அவரே முதல் தகவல் அறிக்கையில் நேர்மையாகச் சொல்லியிருந்தார். நிறுவனம் மறுத்தது, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பாலிசியை வாசித்த பிறகு அதைத் தவறு என்று சொல்ல முடியவில்லை.

என் கதை வேறு. எனக்குக் களவுப் பாலிசியே கிடையாது, ஆனால் இருப்பதாகவே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியே எடுத்துக் கொடுத்த பாலிசியைக் கோப்பில் வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தபோது எடுத்துப் படித்தேன். அது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பொதுவடிவப் பாலிசி. கட்டடத்திற்கு எடுத்தால், கட்டடக் காப்புத் தொகையில் 20 விழுக்காடு அளவுக்கு, அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களும் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன என்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் காப்பு தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றுக்கானது. திருட்டு என்ற சொல் அதில் இருக்கிறது, ஒரே இடத்தில்: அப்படிப்பட்ட ஆபத்து ஒன்று நிகழ்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும். ஊரில் எல்லோரும் உறங்கும்போது வரும் சாதாரணத் திருடனுக்கு அதில் இடமில்லை. சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய கேலியில் திருட்டுக்கு உதவாத வீட்டுப் பாலிசியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் ஐயாவிடம் களவுக் காப்பீடு உண்மையாகவே இருக்கிறது, பூட்டும் உண்மையாகவே அறுக்கப்பட்டிருக்கிறது. என் மைத்துனரைப் போல நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை.

குடியாத்தம் இல்லத்தரசி

ஐயா, நகைக்கு ரசீது இல்லை என்பதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். நம் வீடுகளில் பாதி நகை பாட்டி போட்டது, மீதி பத்தரிடம் பழைய நகையைக் கொடுத்து அழித்துச் செய்தது. ரசீதுக்கு எங்கே போவது? ஆனால் அந்த நகைகளில் பெரும்பாலானவை எப்போதாவது ஒரு முறை அடகுக்குப் போய் வந்திருக்கும். கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ நகைக்கடன் வாங்கினால், மதிப்பீட்டாளர் ஒவ்வொரு நகையின் பெயரையும் எண்ணிக்கையையும் மொத்த எடையையும் நிகர எடையையும் எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். கடனை அடைத்து நகையை மீட்ட பிறகும் வங்கியின் பதிவில் அது இருக்கும். எங்கள் வீட்டில் திருடு போனபோது, கல்லூரிக் கட்டணத்திற்காக அடகு வைத்த பழைய அட்டையைத்தான் ஆதாரமாகக் கொடுத்தோம். திருமண ஆல்பத்தில் அதே நகை கழுத்தில் இருக்கும் படத்தையும் சேர்த்தோம். ரசீது கேட்டு நின்ற சர்வேயர் அதற்குப் பிறகு எடையைப் பற்றிப் பேசவில்லை. அடகு வைத்ததை வெளியில் சொல்ல நாங்கள் முதலில் கூச்சப்பட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் வாங்கிய நகை எதுவும் இருந்தால் கடையில் கேளுங்கள். 2023ஆம் ஆண்டுக்குப் பிறகு விற்ற ஹால்மார்க் நகைகளில், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்னும் அடையாள எண் உண்டு. உங்கள் கைப்பேசி எண்ணை வைத்துக் கடைக்காரர் பழைய ரசீதின் நகலை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

காட்பாடிக்காரர்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. குடியாத்தம் அம்மா எழுதியதைப் படித்ததும் என் மனைவி எழுந்து சென்று பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மகளைக் கல்லூரியில் சேர்த்த 2018ஆம் ஆண்டில் அந்த ஆரத்தையும் இரண்டு வளையல்களையும் வங்கியில் வைத்த நகைக்கடன் அட்டை கிடைத்துவிட்டது. நிகர எடை 46.5 கிராம் என்று எழுதியிருக்கிறது. கூடுதலாகச் சொன்ன 6 சவரனும் இதுவும் ஒத்துப் போகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அன்று காலை 6.40க்கு அனுப்பிய இரண்டு படங்களில் கிரில் கதவின் கொக்கி வளைந்து தொங்குவது நன்றாகவே தெரிகிறது. துக்கத்தில் அவற்றை நான் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. பாலிசியில் அந்த விலக்கைப் படித்தேன். அதில் பெட்டகம் என்று மட்டுமே இருக்கிறது. அலமாரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நேற்று ஒரு புதிய செய்தி. நிறுவனத்தின் கிளையிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். நகையை விட்டுவிட்டால் மடிக்கணினிக்கும் விளக்குக்குமாக ஒரு தொகையைக் கருணை அடிப்படையில் தரத் தயார் என்றும், முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்ற படிவத்தில் உடனே கையொப்பமிட வேண்டும் என்றும் சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. வாங்கலாமா, மறுக்கலாமா?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்

ஐயா, எழுத்தில் வராத எந்த வாக்குறுதிக்கும் பதில் சொல்லாதீர்கள். எழுத்தில் வந்து, பணம் உடனடியாகத் தேவைப்பட்டால், எதிர்த்து முறையிடும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பகுதித் தொகையாகவே பெறுகிறேன் என்று படிவத்திலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். அதே நாளில் அதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இத்தகைய ஒப்புகைப் படிவத்தைக் காட்டி, தொகையை எதிர்த்து முறையிடும் பாலிசிதாரரின் உரிமையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இருந்தாலும் எதுவும் எழுதாமல் கையொப்பமிட்டுவிட்டு, பின்னர் கட்டாயத்தால் போட்டேன் என்று வாதிடுவது கடினமான வழி.

இழப்பு நடந்தவுடன் தெரிவிக்கவில்லை என்ற காரணம் நான் பார்த்தவரை உங்கள் கடிதத்திலேயே மிக நொய்வானது. நேர்மையான கோரிக்கையைத் தாமதம் என்ற ஒரே காரணத்தால் இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று ஆணையம் 2011இல் அறிவுறுத்தியது. வாகனத் திருட்டு வழக்கொன்றில், காவல் துறைக்கு உடனே புகார் அளித்திருந்தால் நிறுவனத்திற்குத் தாமதமாகத் தெரிவித்தது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020இல் தீர்ப்பளித்தது. வாகனத்திற்கான தீர்ப்பு என்று நிறுவனம் வேறுபடுத்திக் காட்ட முயலும். ஆனாலும் உங்கள் சி.எஸ்.ஆர். ரசீதில் அன்றைய தேதியே இருப்பதால் அதன் அடிப்படை உங்களுக்கும் பொருந்தும். முகவருக்கு அன்று பேசிய அழைப்புப் பதிவைக் கைப்பேசி நிறுவனத்திடமிருந்து இப்போதே எடுத்து வையுங்கள்; சில மாதங்கள் கழிந்தால் கிடைப்பது அரிது.

சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்டும் அதைக் கொடுக்காமல் அதன் அடிப்படையில் மறுப்பது முறையன்று. அந்த அறிக்கையே இறுதி வாக்கும் அன்று. பிற சான்றுகள் அதற்கு மாறாக இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகஜரும் புகைப்படமும் உங்கள் வழக்கில் அந்தப் பிற சான்றுகளாகும். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பதிவு செய்யவே மறுக்கும் நிலைய அதிகாரி இருந்தால், அதே பிரிவின்படி புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். இது உங்களுக்குத் தேவைப்படாது, இங்கே படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மகஜர் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டிருந்தால், குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலாகப் பெறுவதே நல்லது. காவல் நிலையத்தில் ஒளிநகல் எடுத்துக் கொடுத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் எதிர்த்தரப்பு ஒளிநகலைக் கேள்வி கேட்கும்.

இவ்வளவையும் இணைத்து, ஐந்து காரணங்களுக்கும் தனித்தனியே பதில் எழுதி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்னும் இணையப் புகார்த் தளத்திலும் பதிவிடுங்கள். மறுபடியும் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ இரண்டு கதவுகள் இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் தட்ட முடியாது. சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கூடாது, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் நீங்கள் அதை ஏற்காமல் நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்லலாம். மாறாக, முதலிலேயே வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவைத் தொடமாட்டார். நுகர்வோர் ஆணையத்திற்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம் என்பதால் நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் கவலையில்லை. ஆனால் நேரம் பிடிக்கும். வழக்கறிஞனாகிய நான் இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம்: உங்களுடையது ஆவணங்களால் பேசும் வழக்கு, குறுக்கு விசாரணையால் அன்று. ஆகவே குறைதீர்ப்பாளரிடமே முதலில் செல்லுங்கள்.

ராணிப்பேட்டை பழைய சர்வேயர்

வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு முதன்மைச் சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை ஒதுக்க வேண்டும், 15 நாட்களில் அறிக்கை வர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையை நிராகரிக்கவும் கூடாது. உங்கள் கடிதத்தின் மூன்றாம் காரணத்திற்கு இதையே பதிலாக எழுதலாம். ஒவ்வொரு தேதியையும் வரிசையாகக் குறித்து, அவர்கள் எங்கே தவறினார்கள் என்று காட்டுங்கள்.

பதிலில் 46.5 கிராம் என்பதை அப்படியே எழுதுங்கள், 6 சவரன் என்று முழுமைப்படுத்த வேண்டாம். 6 சவரன் என்றால் 48 கிராம். ஒன்றரை கிராம் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முரண்பாடு என்று எழுதுவார்கள். நகைக்கடன் அட்டையில் நிகர எடைக்கு மேலே மொத்த எடையும் இருக்கும், கல்லும் அரக்கும் சேர்ந்தது. உங்கள் மனைவி சவரன் கணக்கில் சொன்னது அந்த மொத்த எடையாக இருக்கலாம். இரண்டையும் அட்டையைப் பார்த்துக் குறிப்பிடுங்கள்.

காட்பாடிக்காரர்

அட்டையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மொத்த எடை 48.2 கிராம். ஆரத்தில் சிவப்புக் கல் பதித்திருந்ததை என் மனைவி இப்போதுதான் நினைவுபடுத்துகிறார். திங்கட்கிழமை நகல் மனு போடுகிறேன். தச்சர் நாளை மாலை வந்து எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.